வாக்குத் தேடி இலங்கைத்துறைக்கு

புதன்கிழமை காலை ஆறரைக்கு மூதூர் லாஞ்ச் புறப்படும் என்று திருகோணமலை இறங்குதுறைப் பலகையில் எழுதியிருந்தது. பலகை எழுதினவருக்கும் லாஞ்ச் ஓட்டுகிறவருக்கும் கதை பேச்சு இல்லை போலும். ஏழு மணி தாண்டியும் அது கட்டின கயிற்றிலேயே ஆடிக்கொண்டு நின்றது. ஆளுக்கு ஐம்பது சதம் வாங்கிவிட்டார்கள், இனி எப்போது போனால் அவர்களுக்கு என்ன! அத்தான் மட்டும் சிரித்த முகமாய் எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கோழிக்கூடையோடு வந்த மூதூர்க் கிழவருக்கும் ஒரு கும்பிடு போட்டார். "அத்தான், அவருக்கு இஞ்ச வோட்டில்லை," என்றேன். "பழக்கம் விட்டுப்போகக் கூடாது," என்றார்.

நான் வவுனியாவில் ரயில்வே குமாஸ்தா. லீவு போட்டு அக்கா வீட்டுக்கு வந்தது கடலில் குளித்து, நல்ல மீன் தின்று, நித்திரை கொள்ளத்தான். வந்த இடத்தில் அக்கா புருஷன், இந்த அத்தான், நகரசபைத் தேர்தலில் நிற்கிறார்! மேயர், மாநகரசபை என்பதெல்லாம் பெரிய பட்டினங்களுக்கு. இங்கே வட்டாரத்துக்கு ஒருவரைத் தெரிவு செய்வார்கள், தெரிவானவர்கள் கூடித் தங்களில் ஒருவரைச் சேர்மன் ஆக்குவார்கள். அத்தான் வெள்ளைக்காரக் கடற்படையின் ஸ்டோரில் இருபத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். கடற்படை கப்பலேறிப் போனபோது வேலையும் கூடவே போய்விட்டது. பச்சைத் தண்ணீரைப் போல மனுஷன். ஒருவரையும் ஏமாற்றத் தெரியாது, ஒன்றையும் உருப்படியாகச் செய்யவும் தெரியாது.

அவருடைய வட்டாரத்தின் அடிப்பக்கத்தில், துறைமுகக் கரையை ஒட்டி, மீன்பிடிக்கிற சனங்களின் குடிசைகள், தென்னோலை பின்னின கிடுகால் வேய்ந்தவை, ஒரு நீண்ட வரிசையாக இருக்கின்றன. எதிர்த்து நிற்பவர் ஓர் அரிசி ஆலை முதலாளி. தான் வென்றால் அந்தக் கரையைத் துப்புரவாக்கிக் கடைத்தொகுதி கட்டுவதாக அவர் பகிரங்கமாகவே மேடையில் சொல்கிறார். மேல்தெரு ஆட்களுக்கு அது பிடித்திருக்கிறது. மற்ற வட்டாரங்கள் சரிக்குச் சரியாகப் பிரிந்து நிற்பதால், இந்த ஓர் ஆசனம் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்து ஆள்தான் சேர்மன். குடிசைகளின் தலைவிதியும் அதில்தான். குடிசைக்காரர் எல்லாரும் வாக்களித்தால் அத்தான் வெல்லுவார். ஆனால் ஆண்கள் ஊரில் இல்லை. கரையில் நின்று இழுக்கிற கரைவலைக்குக் காலம் என்று முழுப்பேரும் தெற்கே இலங்கைத்துறைக் கரைக்குப் போய் வாடி என்கிற ஓலைக் கொட்டில் போட்டிருந்தார்கள். வாக்களிப்பு சனிக்கிழமை. அதற்குள் அவர்களைக் கூட்டிவர வேண்டும். அதுதான் எங்கள் பயணம்.

லாஞ்ச் ஒருவழியாக அசைந்தது. பின்னால் தூரத்தில் சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் வெயிலில் பளபளத்தன. அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும் என்று அத்தான் சொன்னார். கொட்டியாரக் குடா அன்று எண்ணெய் பூசினாற்போல அமைதியாகக் கிடந்தது. அழகான இடம், ஒப்புக்கொள்கிறேன். இப்படி ஒரு துறைமுகத்தை வைத்துக்கொண்டு அதன் கரையில் நாலு கிடுகுக் குடிசைக்கு இடமில்லை என்கிறார்களே என்று எனக்கு வயிறெரிந்தது.

எட்டரைக்கு மூதூர். அங்கே ஹனீபா நானாவின் பழைய காரைப் போகவர பதினைந்து ரூபாவுக்குப் பேசினோம். ஈச்சிலம்பற்று வழியாக இருபது மைலுக்கு மேல் வரும் என்றார். காரின் ஒரு கதவு கயிற்றால் கட்டியிருந்தது. வயல்களுக்கு நடுவே கிறவல் ரோட்டில் புழுதியைக் குடித்துக்கொண்டு போனோம்.

"எலக்சன் ஆக்களா?" என்று ஹனீபா நானா கேட்டார்.

"ஓம் நானா. துறைமுகப் பட்டினத்துச் சபைக்கு நிக்கிறன்," என்றார் அத்தான்.

"வெண்டா என்ன செய்வீங்க?"

"குடிசைகளை உடைக்க விடமாட்டன்."

"அவ்வளவுதானா? ரோட்டுப் போடுவன், லைட்டுப் போடுவன், ஒண்டும் சொல்லல்லியா?" நானா ஸ்டியரிங்கை விட்டுவிட்டுத் திரும்பி அத்தானை நன்றாகப் பார்த்தார். "நல்ல மனுசன்தான் நீங்க. அதான் பயமா இரிக்கி," என்றார். அவர் ரோட்டைப் பார்க்காமல் ஓட்டியதில் எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஈச்சிலம்பற்றில் ஆளுக்கொரு பிளேன்டீ குடித்துவிட்டுக் கடற்கரைப் பக்கம் திரும்பினோம். கடைசி ஒரு மைல் கார் போகாது. நானா மரநிழலில் படுத்துக்கொண்டார், நாங்கள் சுடுமணலில் நடந்தோம். அத்தான் அன்றைக்கென்று சலவை வேட்டியும், தோளில் கரைபோட்ட வெள்ளைச் சால்வையும் போட்டுக்கொண்டு வந்திருந்தார். மணல் கணுக்கால்வரை புதைந்தது. நான் வாய்க்குள் திட்டிக்கொண்டே நடந்தேன்.

பதினொரு மணியளவில் வாடியைச் சேர்ந்தோம். வலைத் தலைவர் செல்லையா ஒரு மணல் மேட்டின் உச்சியில், துணி கட்டிய தடியைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கரையில் பத்து இருபது பேர் கயிற்றுப் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். வலையை ஏற்றிய தோணி வெகு தூரத்தில் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. செல்லையா எங்களைக் கண்டதும் சந்தோஷப்பட்டார், ஆனால் கண்ணை மட்டும் கடலிலிருந்து எடுக்கவில்லை.

"வாங்கோ ஐயா. எங்களைத் தேடி இவ்வளவு தூரம் வந்தனீங்களே! அந்த ஆலை முதலாளி எங்கட பொஞ்சாதிமாரிட்டப் போய் இனிப்புக் குடுத்தவராம், கேள்விப்பட்டனாங்கள்."

"செல்லையா, சனிக்கிழமைக்கு நீங்கள் எல்லாரும் வரவேணும். வராட்டில் கரை போச்சு," என்றார் அத்தான்.

"தெரியும் ஐயா. அங்க பாருங்கோ." அவர் காட்டிய இடத்தில் தண்ணீர் கறுத்துத் தெரிந்தது. எனக்கு அது மேகத்தின் நிழலாகத்தான் பட்டது. "பாரைமீன் கூட்டம். போன மூண்டு பாட்டிலயும் வலையில வெறும் சாதாளைப் பாசிதான் வந்தது. இண்டைக்கு இது மட்டும் உள்ளுக்க வந்துதெண்டால், நாளைக்கே வாடியக் கட்டிப்போட்டு முழுப்பேரும் உங்களோட வருவம். சத்தியமாச் சொல்லுறன்."

பாடு என்றால் என்ன என்று கேட்டேன். அந்தக் கரையில் மூன்று வலைகள். நாளுக்கு ஒரு வலைதான் கடலில் இறங்கலாம், அந்த முறைக்குப் பெயர் பாடு. தங்கள் பாட்டைத் தவறவிட்டால் இன்னும் இரண்டு நாள் மற்றவர்கள் இழுப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். பகல் திரும்பினால் காற்றும் கிளம்பிவிடும், ஆகவே ஒரு பாட்டில் ஒரே ஒரு தரந்தான் வலை வளைக்கலாம் என்று கயிற்றடியில் இருந்த ஒருவர் சொன்னார். இன்று புதன். இவர்களின் அடுத்த பாடு சனிக்கிழமை என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். பரவாயில்லை, மீன்தான் கண்முன்னே நிற்கிறதே என்று தேற்றிக்கொண்டேன்.

அத்தானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூட்டம் கூடும் இடத்தில் அவருக்குக் கை சும்மா இராது. பக்கத்து மேட்டில் ஏறி நின்றார். தோணியில் ஒருவன் எழுந்து நின்று கரையைப் பார்ப்பது தெரிந்தது. தன்னைத்தான் பார்க்கிறான் என்று இந்த மனுஷன் நினைத்துவிட்டார். தோளிலிருந்த சால்வையை எடுத்தார். மேடையில் எல்லாருக்கும் காட்டுவதுபோல, தலைக்கு மேலே உயர்த்தி நன்றாக இரண்டு தரம் வீசினார்.

"ஐயோ!" என்று செல்லையா கத்தினார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கரையில் துணி வீசினால் வலையைப் போடு என்று அர்த்தம். தோணிக்காரருக்கு அதைவிட வேறு பாஷை இல்லை. தோணி சட்டென்று திரும்பியது, வலை தொப்புத் தொப்பென்று கடலில் விழுந்தது, கறுத்த தண்ணீருக்கு எவ்வளவோ இந்தப் பக்கத்தில். செல்லையா தடியை ஆட்டி ஆட்டிப் பார்த்தார். போட்ட வலையைத் திரும்ப ஏற்ற ஏலாது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கறுப்புத் தெற்கே நகர்ந்து, வெளிறி, இல்லாமல் போய்விட்டது.

யாரும் அத்தானை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எல்லாரும் எழுந்து கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினார்கள், வெறும் வலை என்று தெரிந்தாலும் கடலில் விட்டுவிட முடியாதே! அத்தானும் சலவை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்க் கயிற்றில் கை வைத்தார். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றரை மணித்தியாலம் இழுத்தார்கள். சாதாளையும், கொழகொழத்த சொறிமீனும், ஒரு கூடைகூட நிறையாத பொடிமீனும் வந்தன. அத்தானின் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்திருந்தன. அவரைப் பார்க்க எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அழுகையும் வந்தது.

"செல்லையா, பாதிப் பேராவது வரேலாதோ?" என்று கேட்டார்.

"பாதிப்பேர் வந்தால் சனிக்கிழமை வலையை ஆர் ஐயா இழுக்கிறது? அந்தப் பாட்டையும் விட்டால் பிள்ளையளுக்கு என்னத்தைக் குடுக்கிறது? விருப்பமில்லாமல் சொல்லேல்ல." செல்லையா அவரை நேரே பார்க்காமல் மணலைப் பார்த்துப் பேசினார். "நீங்கள் தெரிஞ்சு செய்யேல்ல. உங்களுக்கு எங்கட தொழில் தெரியாது. அவ்வளவுதான்." பிறகு அந்தப் பொடிமீனிலேயே குழம்பு வைத்து எங்களுக்குச் சோறு போட்டார்கள். நான் தலை நிமிராமல் தின்றேன்.

திரும்பி வரும்போது ஹனீபா நானா எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு நேரே காரை ஸ்டார்ட் பண்ணினார். நாலு மணி லாஞ்ச் நேரத்துக்குப் புறப்பட்டது. அன்றைக்கென்று பார்த்துத்தானா நேரத்துக்குப் புறப்பட வேண்டும்! ஊர் போய்ச் சேராமலே இருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

ஐந்தரைக்கு இறங்குதுறையில் இறங்கினோம். குடிசைப் பெண்கள் கூட்டமாகக் காத்து நின்றார்கள். முன்னால் நின்றவர் செல்லையாவின் மனைவி நாகம்மா.

"என்ன ஐயா, எங்கட ஆக்கள் வருவினமோ?"

அத்தான் தோலுரிந்த கைகளை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "ஓம். வருவினம்," என்றார்.

பெண்கள் ஆரவாரம் செய்தார்கள். ஒருத்தி குரவையிட்டாள். நான் அத்தானின் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்துக்கொண்டு போனேன். "உங்களுக்கென்ன விசரா? சனிக்கிழமை எல்லாம் தெரியத்தானே போகுது?"

"தெரியட்டும்," என்றார். "சனிக்கிழமை வரைக்குமாவது அதுகள் நிம்மதியா நித்திரை கொள்ளட்டும். அதுக்குமேல என்னால ஒண்டும் குடுக்கேலாது." பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று முப்பது வருஷமாக அக்கா பெருமைப்பட்டது இவரைத்தான்.

லீவு இன்னும் மிச்சம் இருந்தது. ஆனால் சனிக்கிழமை அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை. வியாழன் காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன். வவுனியாவில் எனக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ். ஓட்டுக்கூரை, ஒழுகினால் ஒரு கடிதம் எழுதிப்போட்டால் போதும், எப்போதாவது ஒருநாள் ஆள் வரும். எங்கள் ஊரிலும் தேர்தல்கள் வந்து போகின்றன. எவன் வென்றாலும் என் கூரைக்கு ஒன்றும் ஆகாது, அதனால் யாருக்கு வாக்குப் போட்டேன் என்றுகூட ஞாபகம் இருப்பதில்லை.

வழி கரையோரமாகப் போனது. நாகம்மா தன் குடிசைக்கூரையில் ஏறியிருந்து பழைய கிடுகைப் பிரித்து எறிந்துகொண்டிருந்தார். கீழே புதுக் கிடுகு கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தது. என்னைக் கண்டதும் வேலையை நிறுத்தினார்.

"உடைப்பாங்களோ எண்டு பயந்துதான் இந்த வருசம் வேயாமல் விட்டிருந்தனான் தம்பி. ஐயா நேற்று நல்ல கதை சொன்னார், விடியவே கடனுக்கு எடுத்துப்போட்டன். நல்ல முத்தின ஓலை, பாருங்கோ. ரெண்டு வருசம் தாங்கும் என்ன?"

"ஓம் அக்கா, தாங்கும்," என்றேன்.