புல்டோசர்காரர் கேட்ட பெயர்க்காரணம்

இருபத்திரண்டு ஆண்டுகள் புல்டோசர் ஓட்டியவருக்கு உடன் வேலை செய்தவர்கள் வைத்த பெயர் ஆமை. இடிக்குமுன் எந்திரத்தை நிறுத்திச் சாவியை உருவிக்கொண்டு, அறை அறையாக நுழைந்து கட்டிலுக்கடியிலும் குனிந்து பார்த்துவிட்டு வந்தால்தான் அவருக்கு மனம் ஒப்பும்.

அன்று கால்வாயோரத்துக் கடைசி வீடு. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் உருட்டுக்கட்டைகளோடு முன்னதாகவே வந்து, குடியிருந்தவர்களை அடித்து விரட்டியிருந்தனர். அகராதி அச்சகத்தில் பிழை திருத்தும் அந்த வீட்டுக்காரர், மண்டை உடைந்து வாசலில் கிடந்தார்.

“உள்ள என் தம்பி இருக்கான். காது கேக்காது” என்று ஆமையின் காலைப் பிடித்தார்.

“புளுகுறான். நாங்க பாத்தாச்சு. ஏறுய்யா ஆமை” என்றார் அந்த ஆட்களின் மேஸ்திரி.

ஆமை சாவியும் கையுமாகத் தயங்கி நின்றார். அந்தத் தயக்கம் பிழைதிருத்துபவருக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

“உன் வண்டிப் பேரு முதல்ல மனுசனுக்கு வச்சதுய்யா. அமெரிக்காவுல கறுப்பு ஜனங்க ஓட்டுப் போடக் கூடாதுன்னு, காளைக்குக் குடுக்கிற டோஸ், ‘புல் டோஸ்’னு சொல்லிச் சாட்டையால தோல உரிச்சாங்க. உரிச்சவனுக்குப் பேரு புல்டோசர். வண்டிக்கு வந்தது ரொம்பப் பின்னால. நானே திருத்தின பக்கம்.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுய்யா. கட்டில் எந்த ரூம்ல?”

பதில் வருவதற்குள் மேஸ்திரியின் கட்டை ஆமையின் தோளில் இறங்கியது.

“படிச்சவன் பேச்சக் கேட்டுக்கிட்டு நிக்கிற? சாவியக் குடு.”

“பாத்துட்டு வந்து ஓட்டுறேன்.”

இரண்டாவது அடி முழங்காலைப் பெயர்த்தது. ஆமை மண்ணில் விழுந்து, சாவியை உள்ளங்கையில் இறுக்கி, கையை வயிற்றுக்கடியில் செருகிக்கொண்டார். மேஸ்திரியும் ஆட்களுமாக நால்வர் மொய்த்தனர். விலாவில் உதைத்தனர், புரட்டிப்போட்டுக் கையை இழுத்து மணிக்கட்டின்மேல் பூட்ஸ் காலால் நின்றனர். எலும்பு முறிந்த சத்தம் அவருக்கே கேட்டது.

வாசலைக் கவனிக்க ஆளில்லை. பிழைதிருத்துபவர் தவழ்ந்து உள்ளே போனார். ஆமை இரத்தம் வழிந்த ஒற்றைக் கண்ணால் வீட்டின் பக்கவாட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். நெடுநேரமாகத் தோன்றியது. பிறகு, கதவு திறந்து, தம்பியின் சட்டைக் காலரைப் பற்றியவாறே பிழைதிருத்துபவர் வெளியே வந்து விழுந்தார்.

“இந்தா” என்று ஆமை கையை நீட்டினார்.

விரல்கள் விரியவில்லை. மேஸ்திரி ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.