புதன்கிழமைத் தோசை

என் வீட்டுக்காரர் ஒரு வேளைச் சாப்பாட்டை நான்கு நிமிடத்தில் முடித்துவிடுவார். கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். குழம்புச் சோறு இரண்டு நிமிடம், ரசம் ஒன்று, மோர் ஒன்று. நான் அப்பளத்தை எடுத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வருவதற்குள் அவர் கை கழுவிக்கொண்டிருப்பார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. திருச்செங்கோட்டில் எத்தனையோ வீட்டு ஆண்களைப் போல அவரும் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டிக்குப் போனவர். இருபத்தாறு வருடம் டிரில்லர். வண்டி ஓடும்போது ஓர் இரும்பு ராடு பூமிக்குள் இறங்கி முடிந்ததும் அடுத்ததை மாட்ட வேண்டும். அந்த இடைவெளிக்குள் வயிற்றுக்கு எதையாவது போட்டுக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஆந்திரா என்று எங்கெங்கோ போவார். மழைக்காலத்தில் வண்டி நிற்கும்போது மட்டும் வீட்டுக்கு வருவார். மகள் அவருடைய முகத்தைப் பழகிக்கொள்வதற்குள் மறுபடி கிளம்பிவிடுவார்.

போன வருடம் மழைக்கு வந்தவருக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டது. ஈரோட்டு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனி வண்டியில் போகக் கூடாது, அந்த அதிர்வு ஆகாது என்று கண்டிப்பாகச் சொன்னார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்து, "டாக்டரு கெடக்கறாரு. தை பொறந்ததும் வண்டி கெளம்புது. நானும் போறேன்" என்றார்.

"ஏனுங்க, இங்கயே இருந்தா என்னங்க?"

"இங்க எனக்கு யாரத் தெரியும்? அங்க இருந்தா நா டிரில்லரு. இங்க உன்ற ஊட்டுக்காரன், அவ்வளவுதான். வாசல்ல நின்னாக்கூட, மேடம் இல்லீங்களான்னுதான் கேக்கறாங்க."

நான் ஓர் என்ஜினியரிங் கல்லூரியில் தேர்வுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் தெருவில் மூன்று வீட்டுப் பிள்ளைகள் எங்கள் கல்லூரியில் படிக்கிறார்கள். அவர் சொன்னது உண்மைதான். இருபது வருடமாகக் குடியிருக்கும் தெருவில் அவரோடு நின்று ஐந்து நிமிடம் பேச ஓர் ஆள் கிடையாது. எனக்குக் கோபம் வந்தது. பாதி அவர் மேல், பாதி தெரு மேல். இடுப்பு போய், வண்டிப் படுக்கையில் சுருண்டு கிடக்கிற மனுஷனை எந்த ஊரிலிருந்தோ கூட்டிவர வேண்டிய நாளை நினைத்துப் பயமாகவும் இருந்தது. அவரைத் தைக்கு முன்னால் இந்த ஊரோடு ஒட்ட வைப்பது என்று முடிவு செய்தேன். நான்கு பேர் வந்து சாப்பிட்டுப் போனால் தானாகப் பழக்கமாகிவிடும் என்பது என் கணக்கு.

எந்தக் கிழமை என்று பார்த்தேன். திங்களும் வெள்ளியும் எங்கள் வீட்டில் கறி, மீன் என்று கவிச்சி எதுவும் கிடையாது. செவ்வாய் எதிர்வீட்டு அம்மாவுக்கு விரதம், வியாழன் மாடிவீட்டுப் பெண்ணுக்கு. சனி, ஞாயிறு என்றால் யாருக்காவது கல்யாணம், காதுகுத்து, கிடாவெட்டு. மிஞ்சியது புதன்.

எதிர்வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரும் அவர் மனைவியும். சேலம், ஈரோடு ரூட்டில் முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவர், வாயை மூட மாட்டார். மாடியில் எங்கள் கல்லூரியில் பாடம் எடுக்கிற பையனும் அவன் மனைவியும். இரண்டு பேரும் ஆத்தூர்ப் பக்கம், கல்யாணமாகி ஒரு வருடம்தான். இந்த நான்கு பேரையும் அழைத்தேன்.

முதல் புதன்கிழமைக்கு அரைநாள் லீவு போட்டேன். நாட்டுக்கோழிக் குழம்பு, வறுவல், ரசம், இனிப்புக்கு ஒப்புட்டு. இடுப்பு ஒடிந்தது, இந்தத் தடவை என்னுடையது. இலை போட்டதும் ஒரு தப்புச் செய்தேன். எங்கள் பக்கம் விருந்தாளி வந்தால் வீட்டு ஆண் கூடமாட நின்று பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருவார். பக்கத்தில் உட்கார்ந்தால்தானே நாலு வார்த்தை பேசுவார் என்று நான் இவரையும் பிடித்துப் பந்தியில் உட்கார வைத்துவிட்டேன்.

உட்கார்ந்தார். குனிந்தார். நிமிர்ந்தபோது இலை காலி. எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

வீட்டுக்காரர் எழுந்துவிட்ட பிறகு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்க எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது. கண்டக்டர் கையில் கோழிக்கால் கடித்தபடி பாதியில் இருந்தது. அதை ஆசையாக ஒரு பார்வை பார்த்துவிட்டு இலையில் வைத்து மடித்தார். "நெறஞ்சுபோச்சுங்க" என்றார். மாடிவீட்டுப் பையன் ரசத்துக்கே வரவில்லை. ஏழரைக்கு வந்தவர்கள் எட்டடிக்கக் கால்மணி இருக்கும்போதே அவரவர் வீட்டில் இருந்தார்கள். நான் ஒப்புட்டுத் தட்டோடு நடுக்கூடத்தில் நின்றேன்.

"என்னங்க பண்ணி வெச்சிருக்கறீங்க!" என்று பிடித்துக்கொண்டேன்.

"என்ன பண்ணுனேன்? சாப்புட்டேன்" என்றார். அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. விளக்கியதும் முகம் தொங்கிப்போயிற்று.

அடுத்த புதன் மெதுவாகச் சாப்பிடப் பார்த்தார், பாவம். ஒவ்வொரு கவளத்துக்கும் என் முகத்தைப் பார்த்தார். பரீட்சை எழுதுகிற பிள்ளை சூப்பர்வைசரைப் பார்ப்பதுபோல அவர் பார்க்க, எனக்கே சங்கடமாகிவிட்டது. அப்படியும் ஆறு நிமிடம்தான் தாக்குப்பிடித்தார். "கை தானா ஓடுது புள்ள, நா என்ன பண்ணட்டும்" என்றார் பிறகு.

மூன்றாவது புதன் என் மூளை வேலை செய்தது. ஜேடர்பாளையத்திலிருந்து ஆற்றுக் கெண்டை வாங்கிவரச் சொல்லிக் குழம்பு வைத்தேன். அந்த மீனுக்கு உடம்பெல்லாம் முள். எப்பேர்ப்பட்டவரும் நிதானித்துத்தான் சாப்பிட வேண்டும். இவர் முள்ளையெல்லாம் இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கிவிட்டு ஐந்தாவது நிமிடம் எழுந்தார். முள் மாட்டிக்கொண்டது மாடிவீட்டுப் பெண்ணின் தொண்டையில். வெறும் சோற்றை உருட்டிக் கொடுத்து விழுங்கச் சொன்னோம். அவள் கண்ணில் நீரோடு, "பரவால்லக்கா, கொழம்பு நல்லாருக்கு" என்றாள். அன்றைக்கு இவர் தூங்கப் போகும்போது, "உட்ரு. அவியளையும் எதுக்குப் பாடுபடுத்தற" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. கார்த்திகை பாதி போய்விட்டிருந்தது.

நான்காவது புதன் கல்லூரியில் ஹால் டிக்கெட் அச்சடிக்கிற மெஷின் மக்கர் பண்ணியது. அதோடு மல்லுக்கட்டிவிட்டு நான் வீடு வந்து சேர்ந்தபோது மணி ஏழேகால். என்ன கிழமை என்பதே ஞாபகத்தில் இல்லை. கதவைத் திறந்தால் கண்டக்டரும் மனைவியும் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே இவர். மூன்று பேரும் டிவியில் மழைச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அடுப்பில் ஒன்றும் இல்லை. ஃபிரிட்ஜில் மாவுக் கடையில் வாங்கிய இரண்டு பாக்கெட் தோசை மாவு மட்டும் இருந்தது.

"மன்னிச்சுக்கோணும், மறந்தே போச்சுங்க" என்றேன். விருந்துக்குக் கூப்பிட்டு வெறும் தோசையா என்று மானம் போயிற்று எனக்கு.

அப்போது இவர் எழுந்து அடுப்படிக்குள் வந்தார். எங்கள் இருபத்தெட்டு வருடக் குடித்தனத்தில் தண்ணீர் குடிக்கத் தவிர வேறெதற்கும் அவர் உள்ளே வந்ததில்லை. "நீ சட்னி அரை. கல்ல நாம் பாத்துக்கறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். கல்லைக் காயவைத்து, தண்ணீர் தெளித்துப் பார்த்து, வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெய் தொட்டுத் தேய்த்து, ஒரு கரண்டி மாவை ஊற்றி இழுத்தார். முதல் தோசையே வட்டமாக வந்தது. நான் தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றேன்.

"என்னடா அதிசயம் இது" என்று கண்டக்டர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அடுப்படி வாசலுக்கே வந்துவிட்டார். அவர் மனைவியும் வந்தார். மாடிப் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள்.

"எங்கீங்க பழகுனீங்க?"

"சமையக்காரன் பாதி சீசன்ல ஓடிப்போயிட்டானுங்க. ஒம்பது பேத்துக்கு மூணு மாசம் நாந்தான் போட்டேன்."

எனக்கே தெரியாது. ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நான்தான் கேட்டேனா என்றால் அதுவும் இல்லை.

தோசை ஒவ்வொன்றாகத்தான் வரும். ஒருவர் சாப்பிட, மூன்று பேர் காத்திருந்தார்கள். காத்திருக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா, கேள்வி கேட்டார்கள். அவரும் கல்லைப் பார்த்தபடியே பதில் சொன்னார். யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்பதால் கூச்சம் இல்லாமல் பேசினார் என்று நினைக்கிறேன். சத்தீஸ்கரில் ஓர் ஊரில் இரண்டு துளை தண்ணீர் வராமல் வெறும் புகையாகப் போய், மூன்றாவதில் தண்ணீர் பீய்ச்சியடித்ததாம். ஊர்ப் பெண்கள் அந்தச் சேற்றுத் தண்ணீரைத் தெளியவைத்து, அதிலேயே மாவு பிசைந்து, வண்டிக்காரர்கள் ஒன்பது பேருக்கும் ரொட்டி சுட்டுக் கொடுத்தார்களாம். "பல்லுல மண்ணு நறநறங்குது. ஒருத்தனும் வேண்டாங்கல" என்றார். மாடிவீட்டுப் பெண் தட்டில் தோசை ஆறுவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் சாப்பிட்டதும் கண்டக்டர் இவர் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கினார். "நீங்க ஒக்காருங்க. உங்களுக்கு நாம் போடறேன்." அவர் போட்ட தோசை ஓரமெல்லாம் பிய்ந்து வந்தது. அடுத்தது வேகவே இல்லை. இவர் காலித் தட்டோடு உட்கார்ந்து காத்திருந்தார். ஒன்றைத் தின்றுவிட்டு மறுபடி காத்திருந்தார். நான்கு தோசை சாப்பிட அவருக்கு அரைமணி நேரம் ஆயிற்று! மணி ஒன்பதாகியும் யாரும் எழுந்திருக்கவில்லை. நான் அம்மிக்குழவி போல அப்படியே நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் லீவு போடவில்லை. புதன்கிழமை என்றால் ஒரு மாவு, ஒரு கல், தொட்டுக்கொள்ள ஒன்று. காலையில் பச்சைப்பயறை ஊறப்போட்டுவிட்டுப் போனால், சாயங்காலம் குக்கரில் மூன்று விசில் விட்டுக் கடைந்துவிடலாம். சில வாரம் கம்பு அடை, சில வாரம் பணியாரம். இடியாப்பம் மாதிரியான சந்தகை என்றால் பிழிவதற்கு இரண்டு ஆண்கள் வேண்டும், அதனால் விருந்தாளிக்கே வேலை கொடுத்துவிடுவேன். விதி ஒன்றுதான்: எல்லாவற்றையும் முன்கூட்டியே செய்து பரப்பிவைக்கக் கூடாது. சூடாக, ஒவ்வொன்றாக வர வேண்டும். இதைக் கேட்டுவிட்டு என் அலுவலகத்தில் ஒருத்தி, "விருந்தாளிய அடுப்படில உக்கார வெக்கறீங்களா?" என்று மூக்கில் விரல் வைத்தாள். வைத்துக்கொள்ளட்டும்.

மார்கழி போயிற்று, பொங்கலும் வந்து போயிற்று. வண்டி இன்னும் கிளம்பவில்லை. அதன் முதலாளி இவருடைய பழைய சிநேகிதர். அவர் இரண்டு தடவை போனில் பேசினார். இவர் என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் போகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம். எங்கள் வீட்டில் நான்தான் வாயாடி, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் வாயைத் தைத்துக்கொண்டேன்.

தை கடைசியில் பெங்களூரில் மகள் வீடு மாற்றினாள். பால் காய்ச்சுவதற்குப் போனேன். சாமான்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தபோது இருட்டிய பிறகுதான் உறைத்தது, அன்று புதன்கிழமை. நான் இல்லை என்று யாருக்கும் சொல்லவில்லை. அவர்கள் வந்து, இவர் விழித்துக்கொண்டு நின்று, மறுபடி முதல் நாள் மாதிரி ஆகிவிடுமோ என்று பதறிப்போய்ப் போன் போட்டேன். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தார். பின்னால் ஒரே சத்தம். கண்டக்டர் சிரிப்பது நன்றாகக் கேட்டது.

"ஆளுக வந்துருக்கறப்ப என்ன புள்ள போனு?" என்றார்.

"யாருங்க வந்துருக்கறாங்க?"

"எல்லாருந்தான். மொதலாளியும் வந்துருக்காரு. வண்டி திங்கக்கெழம கெளம்புதுன்னு கூட்டீட்டுப் போக வந்தாரு. ஒக்காந்து மூணாவது தோச தின்னுட்டு இருக்காரு."

இத்தனை நாள் கேட்காததை அப்போது கேட்டேன். "நீங்க என்னங்க சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்றது? பொதங்கெழம ஆளுக வாராங்க, அவியள உட்டுப்போட்டு நா எப்புடி வாரதுன்னு கேட்டேன். கல்லு காயுது புள்ள, வெய்யி."

வைத்துவிட்டார். நான் பாத்திர மூட்டைக்கு நடுவில் தரையில் உட்கார்ந்து, போனைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். மகள் பயந்துபோய் ஓடிவந்தாள். "என்னாச்சும்மா? அப்பாவுக்கு ஏதாச்சுங்களா?"

"ஒண்ணுமில்ல சாமி" என்றேன். "அப்பா ஊட்ல இருக்கறாரு."