சாம்பாருக்குத் தூக்குவாளி

சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கு, உட்கார்ந்து சாப்பிடுகிறவரைவிடப் பார்சல் வாங்குகிறவர்தான் படியளக்கிறவர். சின்னக்கானலில் தேயிலை எஸ்டேட்டை ஒட்டிய எங்கள் இட்லிக் கடையிலிருந்து அந்தப் புண்ணியவான்களைக் என் கையாலேயே விரட்டியவள் நான். வீட்டில் பையை மறந்துவிட்டுக் கடைவாசலில் நின்று விழிக்கிறீர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கதை, கேளுங்கள்.

சிவப்பு நூல்

எங்கள் ஊரில் யானை வருவது பெரிய விசேஷம் இல்லை. ஒருநாள் காலை கடைக்குப் பின்னால் கிடந்த யானை லத்தியை மண்வெட்டியால் அள்ளப் போனேன். உள்ளே ஒரு பிளாஸ்டிக் கவர், வாயில் சிவப்பு நூல் கட்டியபடி சுருண்டு கிடந்தது. மற்ற கடைகளில் சாம்பார் கவருக்கு ரப்பர் பேண்ட் போடுவார்கள். சிவப்பு நூலைச் சுற்றி இரட்டை முடிச்சுப் போடுவது நான் ஒருத்திதான். மிச்சச் சாம்பாரோடு யாரோ எறிந்த கவரை யானை அப்படியே தின்றிருக்கிறது. என் கையால் போட்ட முடிச்சு அதன் வயிற்றுக்குள் போய் வந்திருக்கிறது.

ஆணியில் தொங்கிய கவர் கட்டைக் கழற்றிப் பரணில் போட்டேன். இட்லிக்கு வாழையிலை, சாம்பாருக்கு அவரவர் தூக்குவாளி என்று எழுதி ஒட்டினேன். என் வீட்டுக்காரர் படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மன் கோயில் திருவிழா வரைக்கும் பாப்போம். யாவாரம் படுத்துச்சுன்னா கவரு மறுபடி ஆணிக்கு வந்துரும், சொல்லிட்டேன்."

பெருங்காயக் காப்பி

ஜீப் ஓட்டும் முருகேசன் அறிவிப்பைப் படித்தார், தலையைச் சொறிந்தார், வண்டியிலிருந்து காப்பி பிளாஸ்க்கைக் கொண்டு வந்து நீட்டினார். ஊற்றிக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து வந்தவர் முகம் சரியில்லை. "அக்கா, எத்தனை தடவை கழுவினாலும் காப்பி குடிச்சா பெருங்காய ஏப்பம் வருது. ஆனா சாம்பாரு மத்தியானம் வரைக்கும் சூடா இருந்துச்சு, அதையும் சொல்லணும்ல."

யார் வயிறு?

எல்லாரும் முருகேசன் ஆக முடியுமா? கொழுந்து பறித்துவிட்டு லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பும் பெண்கள்தான் எங்கள் சாயங்கால வியாபாரம். பேச்சியம்மாள் ஒருநாள் நனைந்த சேலையோடு வந்து நின்றாள். கையில் பாத்திரம் இல்லை. "போய் எடுத்துட்டு வா" என்று நானும் சட்டம் பேசினேன். வீடு மேட்டில், போய்வர அரைமணி நேரம். அவள் சத்தம் போடவில்லை. "யானை வயித்துக்குப் பாக்குற, என் புள்ளைங்க வயித்துக்குப் பாக்க மாட்டியா தாயி?"

வெறும் பாத்திரம்

அந்தக் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. என் கல்யாணச் சீராக வந்த தூக்குகளையும் டப்பாக்களையும் இறக்கி, மறந்து வருகிறவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தேன். முதல் ஆளாக வாங்கிப் போனவள் பேச்சியம்மாள்தான். போன பாத்திரம் ஒன்றும் திரும்பவில்லை. கொண்டுபோனவர்களும் கடைப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை, சாயங்கால வியாபாரம் படுத்துவிட்டது. கெட்டதை நினைக்கக் கூடாதென்றுதான் பார்த்தேன், ஆனாலும் நினைத்தேன்.

திருவிழாவன்று காலை வீட்டுக்காரர் ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து கவர் கட்டை எடுத்தார். அவர் இறங்குவதற்குள் வாசலில் பேச்சியம்மாள். பின்னால் லயத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர், கையில் என் பாத்திரங்கள். ஒன்றில் மாவிளக்கு, ஒன்றில் பீன்ஸ், இரண்டில் சௌசௌ.

"இத்தனை நாளா ஏன் வரலை?" என்று கோபமாகவே கேட்டேன்.

"வெறும் பாத்திரத்தை எப்பிடித் திருப்பிக் குடுக்க? போட்டுக் குடுக்க வீட்டுல ஒண்ணும் இல்ல. அதான் இந்தப் பக்கமே வரலை" என்றாள்.

சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது, கண் கலங்கிவிட்டது. "வெறுமனே கொண்டு வந்தாத்தானே நான் ஊத்த முடியும்" என்று அவள் கையைப் பிடித்தேன். வீட்டுக்காரர் கவர் கட்டைத் திரும்பப் பரணில் வைத்துவிட்டு வந்து மாவிளக்கை ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டார். பேச்சியம்மாள் கிளம்பும்போது சொன்னாள்: "சரி தாயி, நாளையிலருந்து வெறும் பாத்திரந்தான். அடியில ரெண்டு பச்சமொளகா கெடக்கும், கண்டுக்காத."

அந்தப் பச்சை மிளகாய் இன்றுவரை நிற்கவில்லை, எல்லாம் சாம்பாருக்குள்தான் போகிறது என்பதால், எங்கள் கடைச் சாம்பாரில் காரம் தூக்கல் என்று குறைப்படுகிறவர்கள் அதை, இதையெல்லாம் ஆரம்பித்து வைத்த யானையிடம்தான் சொல்லிக்கொள்ள வேண்டும்.