கை பட்ட மைனா

செய்யாரிலிருந்து வரும் கம்பெனி பஸ் என்னை ஆரணியில் இறக்கிவிடும்போது எனக்கு யாரோடும் பேசப் பிடிக்காது. ராத்திரி ஷிப்ட் முடித்தவளுக்கு ஒரு டீயும் ஒரு பாயும் போதும். அன்று காலை என்னைப் பாயில் விழ விடாமல் வாடகை வீட்டு வாசலிலேயே மறித்தது ஒரு மைனாக் குஞ்சு.

இறக்கை முளைத்திருந்தது. வால் மட்டும் பாதியில் நின்றிருந்தது. பறக்கத் தெரியாமல் தத்தித் தத்தித் தெரு நடுவுக்குப் போனது. நூல் மூட்டை ஏற்றிய ஒரு மொபெட் அதை உரசிக்கொண்டு போனது. டிரான்ஸ்பார்மர் அடியில் படுத்திருந்த நாய் எழுந்து சோம்பல் முறித்தது. நான் குனிந்தேன்.

"ஐயோ, தொடாதம்மா!" கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா ஓடி வந்தார். உள்ளே அவர் கணவரின் தறி ஓடிக்கொண்டிருந்தது. "மனுசங்க கை பட்டுச்சுன்னா தாய் சேத்துக்காது. ஒதுக்கி வச்சிடும்."

"நாய் வந்துகினு இருக்கேக்கா."

"இன்னா பண்றது, அது விதி. தொட்டுட்டா அப்புறம் உசுரோட இருந்து இன்னா பிரயோஜனம்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடு கேட்டு வந்த நாளில், "வெம்பாக்கம் பக்கமா? ஊர்லயா, காலனியிலயா?" என்று கேட்டவர் இவர்தான். "காலனிதாங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன். மாடி அறை ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்ததால் எனக்குக் கிடைத்தது. கெட்டவர் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தார். ஆனால் எதையும் என் கையில் கொடுக்க மாட்டார். மாடிப்படியில் வைத்து, "வச்சிருக்கேன்மா" என்று குரல் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அந்தக் குரல் அவ்வளவு பிரியமாக இருக்கும். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பறவைகளைப் பற்றி எனக்கு ஒரு எழவும் தெரியாது. அவர் சொன்னது உண்மையாகவே இருந்திருக்கலாம். இருந்தும் இரண்டு கையாலும் அள்ளி எடுத்தேன். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. சுவரோரச் செம்பருத்திச் செடியில், நாய்க்கு எட்டாத கிளையில் உட்கார வைத்தேன்.

"பாத்துகினே இரு, வராது" என்றார்.

"பாக்கலாம்க்கா."

இரண்டு மைனாக்கள் கரண்ட் கம்பியில் உட்கார்ந்து கத்தின. இறங்கவில்லை. வராவிட்டால் ஒரு குஞ்சு சாகும். அது போதாதென்று, தொட்டால் ஒதுக்குவதுதான் இயற்கை என்று இந்த அம்மாவுக்கு ஒரு சாட்சியும் கிடைத்துவிடும். அந்தச் சாட்சியை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தவளாக நான் நிற்பேன். வந்து தொலையேன் என்று கம்பியைப் பார்த்து வாய்க்குள் திட்டினேன்.

நாங்கள் கிட்டே நிற்பதுதான் பயமோ என்று தோன்றி, பாதிப் படி ஏறி உட்கார்ந்தேன். அவரும் வாசலுக்குள் நகர்ந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு மைனா இறங்கியது. அலகில் வெட்டுக்கிளி. குஞ்சு வாயைப் பிளந்தது. மைனா மோந்து பார்க்கவில்லை, யார் தொட்டார்கள் என்று விசாரிக்கவில்லை. ஊட்டிவிட்டு அடுத்த வாய்க்குத் தீனி தேடிப் பறந்தது. எனக்கு அழுகை வந்தது. மறைக்கவும் இல்லை.

வீட்டுக்காரம்மா உள்ளே போனார். குஞ்சு செடியிலிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து தகரக் கூரைக்கும் தாவிப் பழகி, ஒரு நாள் தாய் தகப்பனோடு பறந்தே போய்விட்டது.

ஆடி வெள்ளியன்று படியில் கிண்ணம் வைக்கும் சத்தம் கேட்டது.

"பொங்கல் வச்சிருக்கேன்மா."

நெய் வாசனை மாடிவரை வந்தது. எனக்கு நல்ல பசி. இறங்கி வந்து, கிண்ணத்துக்கு ஒரு படி மேலேயே நின்று கையை நீட்டினேன்.

"எடுத்துக் கையில குடுங்கக்கா."

வாசலுக்குள் கால் வைத்தவர் திரும்பினார். "இன்னாம்மா இது, புதுசா?"

"மைனாவே சேத்துகிச்சேக்கா."

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தறி நின்றது. அவர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நீட்டிய கையை நான் இறக்கவில்லை.