அம்மா ஏறிய கோபுரம்

புனேயில், பாணேர் பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் தம்பி கார்த்தியும் அவன் நண்பனும், அந்தச் சரித்திர வீடியோ கேம் வரிசையில் எந்தப் பாகம் உசத்தி என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டிவியில் பழைய இத்தாலி நகரத்தின் மணியோசை கேட்டது. எனக்கு, முன்பு நாங்கள் குடியிருந்த கோந்த்வா ஃபிளாட் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது கோவையிலிருந்து புனேக்கு வந்த புதிது. இந்தி தெரியாததால் அம்மா வெளியே போகவே மாட்டாள். சமையல் முடிந்ததும், ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி நானும் கார்த்தியும் அந்த கேமின் இரண்டாம் பாகம் விளையாடுவதைப் பார்ப்பாள்.

ஒருநாள், "இங்க குடு கண்ணு" என்று கன்ட்ரோலரை வாங்கினாள். சண்டைப் பக்கமே போகவில்லை. சந்து சந்தாக அலைந்தாள். விழுந்து விழுந்து, கடைசியில் ஒரு கோபுர உச்சிக்கே ஏறிவிட்டாள். கீழே ஊர் முழுக்கத் தெரிந்தது.

"ஏனுங்க, நம்ம ஊர்ல இப்படி ஏறிப் பாக்க எடமில்லீங்களா?" என்று அப்பாவைக் கேட்டாள். புனேயை அவள் நம்ம ஊர் என்றது அதுதான் முதல் தடவை.

அந்த ஞாயிறே அப்பா எங்களைச் சிங்ஹகட் கோட்டைக்குக் கூட்டிப்போனார். மேலே மண்சட்டியில் தயிர் விற்ற பெண்ணிடம், பக்கத்து வீட்டில் கேட்டுப் பழகிய மராத்தியில், "அஜூன் ஏக் த்யா" என்று அம்மாவே இன்னொன்று கேட்டு வாங்கினாள்.

"நீ சொல்லுக்கா, எது உசத்தி?" என்றான் கார்த்தி.

"இரண்டாவதுதான்."

"கிராஃபிக்ஸ் ரொம்பப் பழசாச்சேக்கா" என்றான் நண்பன். கார்த்தி என்னைப் பார்த்துச் சிரித்தான்.