மருமகனுக்குச் சம்பளமா?

கீரப்பாளையம் கடைத்தெருவில் என் நெட் சென்டருக்கும் கொளஞ்சியப்பன் மாமாவின் பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அவர் எனக்குச் சொந்தமில்லை. ஊரே மாமா என்கிறது, நானும் சொல்கிறேன். டிராக்டர், நெல் அறுக்கும் மெஷின், மோட்டார் பம்பு, எது மக்கர் செய்தாலும் அங்கேதான் வரும். ஆனால் அறுப்புக் காலத்தில் வண்டிக்காரர்கள் வாசலில் நின்று தேடுவது மாமாவை அல்ல, இளவரசுவை.

இளவரசு மாமாவின் அக்கா மகன். அப்பா இல்லாத பிள்ளை. ஐ.டி.ஐ. முடித்த கையோடு பட்டறைக்கு வந்தவன், பிறகு மாமா மகள் கயல்விழியையே கட்டிக்கொண்டான். பத்து வருஷத்தில் ஒரு மாதம்கூட அவன் சம்பளம் வாங்கியதில்லை. உடனே மாமாவைக் கஞ்சன் என்று நினைத்துவிடாதீர்கள். மாடியில் வீடு கட்டிக் கொடுத்தார், பைக் வாங்கிக் கொடுத்தார், தீபாவளிக்குத் தனக்கு எடுப்பதைவிட உசத்தியான வேட்டியை அவனுக்கு எடுப்பார். கேட்டால் கொடுத்துவிடுவார். ஆனால் கேட்க வேண்டும், அதுதான் சங்கதி. பொண்டாட்டி பிள்ளை உள்ள ஆம்பிளை, மகளுக்கு ஒரு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்க மாமனார் முன்னால் போய்த் தலையைச் சொறிவதைப் பார்த்து எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அவனோடு படித்த குமராட்சி சார்லஸ் இப்போது கனடாவில், கோதுமை விளையும் பகுதியில் ஒரு சின்ன ஊரில், அறுவடை மெஷின் கடையில் மெக்கானிக். அந்த ஊர் ஜனம் மொத்தமும் சேர்ந்தாலும் நம் சந்தைக் கூட்டம் தேறாது. அங்கே தங்கி வேலை பார்க்க ஆளே சிக்குவதில்லையாம். அதனால் தொழில் தெரிந்தவன் சின்ன ஊரில் வந்து இருக்கச் சம்மதித்தால், குடும்பத்தோடு நிரந்தரமாக வாழும் உரிமைக்கு அந்த மாகாணமே சிபாரிசு செய்கிறது. நம் பிள்ளைகள் பி.ஆர். பி.ஆர். என்று பறப்பது இந்த உரிமைக்குத்தான். சார்லஸ் சொல்லி, அவன் முதலாளி இளவரசுவிடம் வீடியோவில் பேசி, வேலை தருகிறேன் என்று எழுதியும் கொடுத்துவிட்டார். இங்கிலீஷ் பரீட்சையை இவன் இரண்டாம் தடவையில் தாண்டினான். பாக்கி ஒன்றே ஒன்று: இந்தத் தொழிலைச் சம்பளத்துக்குச் செய்திருக்கிறான் என்று இங்கே வேலை கொடுத்தவர் எழுதித் தர வேண்டும்.

மகளும் பேத்தியும் அவ்வளவு தூரம் போவதில் மாமாவுக்கு வருத்தம்தான். இருந்தும் குறுக்கே நிற்கவில்லை. என் கடையில் வந்து உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் இங்கிலீஷில் அடித்தேன். இளவரசு என் அக்கா மகன், என் மகளைக் கட்டியவன், பட்டறையே அவன் கையில்தான், எங்களுக்குள் சம்பளம் என்ற பேச்சே கிடையாது, அவன் கூலிக்கு நிற்கிறவன் இல்லை. இது சரிப்படாது என்று நான் தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். ஒரு மருமகனுக்கு இதைவிடப் பெரிய சர்டிபிகேட் எவன் கொடுப்பான் என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார். இளவரசு பக்கத்திலேயே நின்றான். மாமா முன்னால் அவன் வாய் திறந்து யார் பார்த்தது?

விண்ணப்பம் தள்ளுபடியானது. சம்பளம் வாங்காமல் குடும்பத்துக்குச் செய்யும் உதவி வேலை அனுபவம் ஆகாதாம். நான் படித்துச் சொன்னதும் இளவரசு சிரித்தான். "பத்து வருசமா நான் வேலயே பாக்கலியாம் ஸ்ரீமதி" என்றான். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அந்தச் சிரிப்பைத்தான் பார்க்க முடியவில்லை.

சிதம்பரத்தில் ஒரு ஏஜென்ட், பழைய தேதி போட்டுச் சம்பளச் சீட்டு தயார் செய்து தருவதாகச் சொன்னான். இளவரசு ஒப்புக்கொள்ளவில்லை. நிஜமாகச் செய்த வேலைக்கு எதற்குப் பொய்ச் சீட்டு என்றான். மாட்டினால் அந்தக் கதவே அடைபட்டுவிடும் என்ற பயமும் இருந்தது. நல்லவேளை, கனடா முதலாளிக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை, ஒரு வருஷம் பொறுக்கிறேன் என்றார். ஆக ஒரே வழிதான். ஒரு வருஷச் சம்பள அனுபவம் காட்டினால் போதுமாம், அதற்கு இனி மாமா மாதாமாதம் பேங்கில் சம்பளம் போட வேண்டும்.

"அப்ப நான் மொதலாளி, அவன் கூலியாளா?" என்று என்னிடம் கேட்டவர், அதற்குப் பிறகு யாரிடமும் பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டார், அவ்வளவுதான். கடைசியில் கயல்விழியே பட்டறைக்கு இறங்கி வந்தாள்.

"நீ குடுக்கலன்னா அவரு பண்ருட்டியில வேற பட்டறைக்குப் போறேங்கிறாரு. அங்க எவனோ ஒருத்தன் அவர வாடா போடான்னு வேல ஏவுவான். ஒனக்கு அது பரவால்லியாப்பா?"

மாமா சட்டையை மாட்டிக்கொண்டு பேங்குக்குப் போனார்.

செய்வதைத் திருந்தச் செய்கிறவர். சம்பளம் போட்டார், வருகைப் பதிவேடு வாங்கினார், ஞாயிற்றுக்கிழமை பட்டறைப் பக்கம் வந்த மருமகனை, சம்பளக்காரன் லீவு எடுக்கணும் என்று விரட்டிவிட்டார். இதெல்லாம் எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் மத்தியானம் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதை அவர் நிறுத்தினாரே, அது வேடிக்கை இல்லை. முதலாளியும் ஆளும் எங்கே ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டார். இளவரசு தன் காசில் மகளுக்குச் செருப்பு வாங்கி வந்த அன்று முகமெல்லாம் பல்லாக இருந்தான். அதே மத்தியானம் தனியாக உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். எனக்கு மாமா மேல் கோபம் வந்தது. அவரைப் பார்த்தால் அதைவிடப் பாவமாக இருந்தது.

வருஷம் முடிந்து மறுபடி விண்ணப்பம் போனது. விசாரிக்கக் கனடாவிலிருந்து மாமாவுக்கே போன் வந்தது. சாயங்காலம், பட்டறை சாத்தும் நேரம். தமிழ் தெரிந்த ஒருவரையும் லைனில் சேர்த்திருந்தார்கள். மாமா ஸ்பீக்கரில் போட்டு என்னையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். என்ன வேலை, எத்தனை மணி நேரம் என்று கேட்டதற்கெல்லாம் சரியாகவே சொன்னார். உறவு கேட்டபோது மருமவன் என்றார். அதை மறைக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தோம்.

கடைசியாக, அவர் திரும்பி வந்தால் மறுபடி வேலைக்கு வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டார்கள்.

மாமா என்னைப் பார்த்தார். அவர் வாயில் என்ன நின்றது என்று எனக்குத் தெரியும். அது அவன் பட்டறை, அவனை நான் யார் வேலைக்கு வைக்க? அதைச் சொன்னால் மறுபடி குடும்ப உதவி ஆகிவிடும், எல்லாம் போச்சு.

"வச்சிக்குவேன்" என்றார். சற்றுப் பொறுத்து, "சம்பளம் குடுத்து வச்சிக்குவேன்" என்றார்.

போனை வைத்ததும் தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். நான் எழுந்து என் கடைக்கு வந்துவிட்டேன்.

மாகாணத்தின் சிபாரிசு, மெடிக்கல், போலீஸ் சான்று என்று ஒவ்வொன்றாகக் கடந்து, மாசிக் கடைசியில் பி.ஆர். வந்துவிட்டது. இளவரசுவும் நானும் சொல்லப் போனபோது மாமா ஒரு அறுப்பு மெஷினுக்கு அடியில் படுத்திருந்தார். சேதி கேட்டு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, எப்போது கிளம்ப வேண்டும் என்று கேட்டார். பிறகு, "அங்க போனா எவனாவது நம்ம ஊரு, சொந்தம், நீ எனக்குப் புள்ள மாதிரின்னு சும்மா வேல வாங்கப் பாப்பான் மாப்ள. செய்யாத. மாசம் பொறந்தா சம்பளத்தக் கேட்டு வாங்கு" என்றார்.

இளவரசு "சரி மாமா" என்றான்.