அங்க அடையாளத்தில் இல்லாத பற்கள்

சுரங்க நிறுவனச் சட்டப் பிரிவிலிருந்து ஓய்வுபெற்று, நிறுவனக் குடியிருப்பைக் காலிசெய்து மந்தாரக்குப்பத்தில் குடியேறிய நான், கிளைச்சிறைக் கைதிகளுக்கு ஊதியமின்றி வழக்குரைத்து வந்தேன். ஒருநாட்காலை கம்மாபுரம் பக்கத்து அம்மையார் ஒருவர் எவர்சில்வர் டப்பாவொன்றை என் மேசைமீது திறந்து வைத்தார். உள்ளே, நீரில் ஒரு பல் செட்டு.

"எங்க வூட்டுக்காரரு பல்லுங்க. மைன்ஸுக்கு எடுத்த நெலத்துக்காக மறியல் பண்ணப்போ புடிச்சிக்கினு போயிட்டாங்க. இது வூட்டுலயே கெடந்துடுச்சி. அஞ்சு நாளா வெறுங் கஞ்சித்தண்ணி குடிச்சிக்கினு கெடக்குறாரு. எடுத்துக்கினு போனா வாங்க மாட்டேங்கிறாங்க."

கணவர் சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளர். அன்றே சிறைக்குச் சென்றேன். சிறை அலுவலர் மிக்க பணிவுடன் பதிவேட்டைக் காட்டினார். அங்க அடையாளங்களில் இரண்டாவது: வாயில் பற்கள் இல்லை.

"பல்லு இல்லாத ஆளா வந்தாருங்க ஐயா. பல்லோட கோர்ட்டுக்கு அனுப்புனா, ஆள மாத்திட்டேன்னு என் வேல போயிடும்."

"கழற்றிக் காட்டினால் அதே ஆள்தானே?"

"கழட்டி மாட்டுற மூஞ்சிய எப்படிங்க அடையாளம்னு எழுதுறது?"

மென்றுண்பது கைதியின் உரிமை என மனு அளித்தேன். நீதித்துறை நடுவர் கைதியைப் பற்களோடு ஒருமுறையும் பற்களின்றி ஒருமுறையும் நெடுநேரம் உற்றுநோக்கி ஆணையிட்டார்: உணவு வேளையில் மட்டும் அணியலாம், ஏனைய பொழுதில் அவை சிறைக்காவலில் இருக்க வேண்டும்.

யார் எடுத்துக் கொடுப்பது, யார் திரும்பப் பெறுவது என்று அலுவலர் திகைத்தார். கூண்டிலிருந்து கைதியே வழிகூறினார்.

"மைன்ஸ்ல சாமான் குடுக்குறாப்புல பண்ணுங்க சார். எனக்கு ஒரு டோக்கன் குடுத்துடுங்க. டோக்கன வாங்கிக்கினு பல்ல குடுங்க, பல்ல வாங்கிக்கினு டோக்கன குடுங்க."

அவ்வாறே தகரத்தில் எண் பொறித்த வில்லையும் தனிப் பதிவேடும் உருவாயின.

மறுநாள் நண்பகல் நான் சிறைக்குச் சென்றபோது கைதி சோற்றை ஒவ்வொரு பருக்கையாக மென்றுகொண்டிருந்தார். காவலர் முறை மாறும் நேரம். பற்களைக் கணக்கில் ஒப்படைக்காமல் வீடு செல்ல இயலாத காவலர் அருகே தவித்து நின்றார்.

"யோவ், எவ்ளோ நேரம்யா மெல்லுவ? என் ஷிப்ட்டு முடிஞ்சிடுச்சி."

"ஓவர்டைம் போட்டுக்கங்க சார். ஒரு வாரத்து சோறு பாக்கி இருக்குது."

இருவரும் என்னை நோக்கினர். ஆணையிலோ உணவு வேளைக்கு நிமிடக் கணக்கு இல்லை. அங்கேயே அமர்ந்து அடுத்த மனுவை எழுதத் தொடங்கினேன். கைதி குழம்புக்குக் கை நீட்டினார்.